கவர்னரின் வலது கால்

கவர்னரின் பூட்ஸை யார் கழற்றுவது என்று முடிவு செய்ய ஒரு கூட்டம் போட்டார்கள். நான் மொழிபெயர்த்தேன். அது என் வேலை.

பாய்ஷா வளைகுடாவை ஆங்கிலேயர்கள் எங்கள் சீனப் பேரரசரிடம் குத்தகைக்கு எடுத்த பிறகு வந்த மூன்றாவது கவர்னர் கர்னல் சர் லயனல் ஹோல்காம். ஐந்து வருடம் ஆண்டார். கோடை முடியும் முன் ஓய்வு பெற்று இங்கிலாந்துக்குக் கப்பல் ஏறப்போகிறார். ஊரில் அவருக்கு நெட்டை பூட்ஸ் என்று பெயர். முழங்கால்வரை ஏறும் கறுப்புத் தோல் பூட்ஸ். கோடையிலும் அதுதான். வெறும் பாதங்களோடு அவரைப் பார்த்தவர் யாரும் இல்லை.

எங்களிடம் ஒரு வழக்கம் உண்டு. நல்ல அதிகாரி ஒருவர் ஊரை விட்டுப் போகும்போது மக்கள் நகர வாசலில் மறிப்பார்கள். பெரியவர் ஒருவர் மண்டியிட்டு அவருடைய பூட்ஸைக் கழற்றி எடுத்துக்கொள்வார். புதிய ஜோடி ஒன்றை மாட்டி அனுப்புவார்கள். பழையதை மரக்கூண்டில் வைத்து வாசல் வளைவில் தொங்கவிடுவார்கள். எங்கள் கிழக்கு வாசலில் அப்படி ஒரு கூண்டு இருக்கிறது. என் கொள்ளுத்தாத்தா காலத்து நீதிபதி ஒருவருடையது. பஞ்சத்தில் களஞ்சியத்தைத் திறந்துவிட்டவர். அவருக்குப் பிறகு யாருடைய பூட்ஸும் கழற்றப்படவில்லை.

கவர்னர் இதை ஏதோ புத்தகத்தில் படித்திருந்தார்.

"எனக்கும் அது நடக்கணும், மிஸ்டர் பீ," என்றார் என்னிடம். "ஆனா நான் கேட்டதா இருக்கக்கூடாது. அவங்களா செய்யணும்."

"செய்வாங்க சார்," என்றார் காப்டன் வெரிட்டி. அவர் கவர்னரின் உதவியாளர். அவங்களா செய்யும்படி செய்வதுதான் அவர் உத்தியோகம்.

வியாபாரிகள் சங்கத் தலைவர் சியா முதலாளி நாற்காலி நுனிக்கு வந்துவிட்டார். நான் மொழிபெயர்த்து முடிப்பதற்குள்ளேயே கைகளைக் கூப்பிக்கொண்டார்.

"கவர்னர் ஐயா காலை நானே புடிக்கிறேன்னு சொல்லுங்க, தம்பி. புது பூட்ஸ் என் கடையிலயே இருக்கு. உள்ளே முயல் ரோமம் வெச்சது."

சொன்னேன். கவர்னர் அவரை மேலும் கீழுமாகப் பார்த்தார்.

"வேண்டாம். போட்டோவில் பட்டு அங்கி பளபளன்னு தெரியும். நிலத்துல வேலை செய்யற ஆள் வேணும். பெய்கோ ஊர்த் தலைவரைக் கூப்பிடு."

பெய்கோ ஊர்த் தலைவர் என் மாமனார்.

அறையில் எல்லோருக்கும் அது தெரியும். காப்டன் வெரிட்டி ஜன்னலைப் பார்த்தார். சியா முதலாளி தேநீரைப் பார்த்தார்.

"பெய்கோதான் சரி," என்றார் கவர்னர். "பிளேக் நேரத்துல அவங்கதான் அதிகம் கஷ்டப்பட்டாங்க. அவங்களே வந்து நன்றி சொன்னா அதுக்கு ஒரு அர்த்தம் இருக்கு."

அந்தக் குளிர்காலத்தைப் பற்றி நான் சொல்லவேண்டியது கொஞ்சம்தான். புத்தாண்டுக்கு மஞ்சூரியாவிலிருந்து ஊர் திரும்பிய கூலிகளோடு நோய் வந்தது. முதலில் பெய்கோவில். கவர்னர் படையை அனுப்பி ஊரைச் சுற்றிக் கயிறு கட்டினார். கயிற்றில் சிவப்புக் கொடிகள். கயிற்றைத் தாண்டுகிறவனைச் சுடலாம் என்று அறிவிப்பு. அதைச் சீனத்தில் எழுதியது நான். கவர்னர் பனியில் தானே நின்று காவலை மாற்றினார், அதையும் சொல்லவேண்டும். துறைமுகத்தில் ஒருவர்கூடச் சாகவில்லை. லண்டனிலிருந்து பாராட்டுத் தந்தி வந்தது.

என் மனைவி யூஜென் கயிற்றுக்கு உள்ளே இருந்தாள். தாய்க்கு உடம்பு சரியில்லை என்று பார்க்கப் போனவள். நிறைமாதம். அவளுக்குப் பிளேக் இல்லை. குழந்தை குறுக்கே கிடந்தது. மிஷன் டாக்டரை உள்ளே விடும்படி நான் கவர்னரிடம் கேட்டேன். என் மொழிபெயர்ப்பாளனுக்கு விட்டால் மற்றவர்களுக்கு என்ன சொல்வது என்று கேட்டார். அவள் தம்பி செங்ஷான் யாரையும் கேட்கவில்லை. கயிற்றைத் தாண்டி டாக்டரைக் கூப்பிட ஓடினான். பாதி வழியில் பிடித்துவிட்டார்கள். அவனுக்கு இரண்டு வருடம் கடுங்காவல். அவளைச் சுண்ணாம்புக் குழியில் மற்றவர்களோடு போட்டார்கள். குழந்தையையும்.

அவ்வளவுதான்.

"அந்தத் தலைவரோட மகன் ஒருத்தன் உள்ள இருக்கான் இல்லையா?" என்றார் காப்டன், ஜன்னலைப் பார்த்துக்கொண்டே.

"ஆமாம்," என்றேன்.

"பதவி விலகும்போது கவர்னர் ஒரு கைதியை மன்னிக்கலாம்."

"மன்னிக்கலாம்," என்றார் கவர்னர். "நல்ல யோசனை. பூட்ஸ் கழண்டதும் வாசல்லயே கையெழுத்துப் போடறேன். ரெண்டும் கழண்டதும்."

*

பாராட்டுரை எழுதும் வேலையும் என்னிடமே வந்தது. சிவப்புப் பட்டில், தங்க மையில், மக்கள் எழுதியதுபோல. குறிப்புகளைக் கவர்னரே சொன்னார். அவருடைய அலுவலக அறையில் உட்கார்ந்து எழுதிக்கொண்டேன்.

அந்த அறையில் அவர் உத்தியோக வாழ்க்கை முழுவதும் இருந்தது. இருபது வயதில் லெப்டினன்டாகப் பர்மா. அங்கிருந்து ஒரு வெண்கல மணி. பிறகு மேற்கு ஆப்பிரிக்கா. ஓர் அரசரின் முரசு, தோல் கிழிந்தது. தென்னாப்பிரிக்காவில் தொடையில் குண்டு, மார்பில் பதக்கம். அடுத்து கரிபியன் பக்கம் ஏதோ ஒரு தீவுக்கு கவர்னர். அங்கே கரும்புக் கூலிகள் கலவரம் செய்தார்கள், அவர் அடக்கினார், 'சர்' பட்டம் கிடைத்தது. அந்தத் தீவிலிருந்து ஒரு தேவாலயக் கதவு.

"இந்த மணி யார் கொடுத்தது சார்?" என்று கேட்டேன்.

"கொடுத்ததா?" என்றார். யோசித்தார். "எடுத்துக்கிட்டோம்."

"முரசு?"

"அதுவும்தான். அதனாலதான் சொல்றேன், மிஸ்டர் பீ. நாற்பது வருஷம் உழைச்சிருக்கேன். எந்த ஊர்லயும் ஜனங்க எங்கிட்டேயிருந்து எதையும் கேட்டு வாங்கிக்கிட்டதில்லை. இங்க அப்படி ஒரு வழக்கம் இருக்கு. அழகான வழக்கம்."

அவர் அதை மனசார சொன்னார். நான் எழுதிக்கொண்டேன்.

மறுநாள் ஒத்திகை. கவர்னர் மாளிகை வராந்தாவில் நாற்காலி போட்டார்கள். வலது காலை ஒரு முக்காலியில் வைத்தார். பெரியவர் இடத்தில் நான். மண்டியிட்டு குதிகாலைப் பிடித்து இழுத்தேன். அசையவில்லை.

"இன்னும் பலமா, மிஸ்டர் பீ. காலேஜ்ல சாப்பாடு போடலையா?"

இழுத்தேன். நாற்காலியோடு அவர் என் பக்கம் நகர்ந்து வந்தார். பணியாள் ஓடிவந்து பின்னாலிருந்து நாற்காலியைப் பிடித்தான். காப்டன் பூட்ஸின் வாய்க்குள் மாவுப் பவுடர் கொட்டச் சொன்னார். மூன்றாவது இழுப்பில் கழன்றது. நான் பின்பக்கமாக உட்கார்ந்துவிட்டேன். கையில் பூட்ஸ். உள்ளே சூடாக இருந்தது.

"அன்னிக்கு காலையிலயே தளர்த்தி வெச்சிடுங்க," என்றார் கவர்னர் பணியாளிடம். பிறகு என்னைப் பார்த்துத் தணிந்த குரலில், "உன் மனைவி விஷயத்துல எனக்கு வருத்தம்தான், தெரியுமா? ஆனா மறுபடியும் அப்படி நடந்தா மறுபடியும் அதைத்தான் செய்வேன். கயிறுன்னா கயிறுதான்."

"சரி சார்," என்றேன்.

அவருடைய காலுறை விரல் பக்கம் தைக்கப்பட்டிருந்தது. நேர்த்தியான தையல் இல்லை. அவரே தைத்திருக்கவேண்டும்.

*

பெய்கோவுக்கு நடந்து போனேன். மாமனார் ஜூ தெஃபூ முற்றத்தில் சோளக் கதிர்களை உரித்துக்கொண்டிருந்தார். மாமியார் குளிர்காலத்திலேயே போய்விட்டாள். அது பிளேக். வீட்டில் அவர் மட்டும்தான்.

சொன்னதைக் கேட்டார். கை நிற்கவில்லை.

"அவன் எப்படி இருக்கான், மாப்ள?"

"இருமுறான். கல்லு உடைக்கிற தூசி."

"அடுத்த குளிருக்குத் தாங்குவானா?"

"தெரியல மாமா."

"தெரியலன்னா தாங்க மாட்டான்னு அர்த்தம். நீ எப்பவும் இப்படித்தான் பேசுவே." ஒரு கதிரைக் கூடையில் போட்டார். "அந்த நெட்டையன் காலென்ன, அவன் குதிரையோட காலையும் புடிக்கிறேன். நாலு லாடத்தையும் கழட்டித் தர்றேன். பையன் வீட்டுக்கு வரட்டும். போய்ச் சொல்லு."

"ஊர்ல என்ன சொல்வாங்க?"

"ஊருல யாரு இருக்கா?" என்றார். சுற்றிக் கையைக் காட்டினார். பக்கத்து வீட்டுக் கதவில் பிளேக் என்று போட்ட சுண்ணாம்புக் குறி இன்னும் அழியவில்லை. "மிச்சமிருக்கிறவன் எவனாவது சொன்னா, நீ போய்ப் புள்ளையப் பெத்து ஜெயிலுக்கு அனுப்பிட்டு வாடா, அப்புறம் பேசலாம்பேன்."

திரும்பும் வழியில் மலைப்பாதையில் செங்ஷானைப் பார்த்தேன். கவர்னர் போட்ட சாலை அது. மாளிகையிலிருந்து கலங்கரை விளக்கம்வரை. கைதிகள் ஓரமாக உட்கார்ந்து ஜல்லி உடைப்பார்கள். அரசாங்க ஆள் என்பதால் என்னைக் காவலன் தடுப்பதில்லை. ஆவியில் வெந்த மந்தோ ரொட்டி நாலு, நடுவில் வெங்காயத் தாளும் உப்பு மீனும் வைத்துக் கொண்டுபோயிருந்தேன்.

"மச்சான் வந்தாச்சு, மீன் வந்தாச்சு," என்றான் செங்ஷான். அவனுக்கு இருபத்திரண்டு வயது. கண் இமைகளில்கூட வெள்ளைத் தூசி. பக்கத்தில் இருந்தவனுக்கு ஒன்றைப் பிய்த்துக் கொடுத்தான். "சொல்லு. மூஞ்சி ஏன் கவர்ன்மென்ட் நோட்டீஸ் மாதிரி இருக்கு?"

சொன்னேன். மெல்லுவதை நிறுத்தாமல் கேட்டான். பூட்ஸ் என்றதும் சிரித்தான். சிரிப்பு இருமலானது. வெகுநேரம் இருமினான்.

"அப்பா என்ன சொன்னாரு?"

"செய்றேன்னாரு."

"செய்யக்கூடாது."

"செங்ஷான்."

"செய்யக்கூடாதுன்னு சொல்லு. மன்னிப்புன்னா என்ன மச்சான்? நீதான் படிச்சவன். நான் தப்பு பண்ணேன், அவரு பெரிய மனசு பண்ணி விட்டுட்டாரு. அதானே? நான் என்ன தப்பு பண்ணேன்? அக்காவுக்கு டாக்டரைக் கூட்டிட்டு வரப் போனேன். திருடினேனா?"

"இன்னொரு குளிர் இங்க..."

"செத்தா தப்புப் பண்ணாதவனா சாவேன். அப்பா அந்த பூட்ஸைத் தொட்டாருன்னு வையி, நான் வெளிய வந்த அன்னிக்கே இதே சுத்தியலை எடுத்துட்டு மாளிகை ஜன்னல் ஒண்ணு விடாம உடைப்பேன். திருப்பி உள்ளேயே வந்து உக்காந்துக்குவேன். அப்பா முட்டிதான் வீணாப் போகும்." மந்தோவை விழுங்கினான். "இதை அப்படியே சொல்லணும். நீ உன் தொழில் புத்தியில எதையாவது வழவழன்னு ஆக்கிடாதே."

அவன் சொன்னது சரிதான். என் தொழிலில் அது உண்டு. ஒரு பக்கத்துக் கோபத்தைக் கொஞ்சம் குறைத்து, மரியாதையைக் கொஞ்சம் கூட்டி மறுபக்கம் சேர்ப்போம். எல்லா மொழிபெயர்ப்பாளர்களும் செய்வதுதான். இல்லையென்றால் வாரத்துக்கு ஒரு சண்டை நடக்கும்.

"அப்படியே சொல்றேன்," என்றேன்.

மறுபடி பெய்கோவுக்கு ஏறினேன். சுத்தியல், ஜன்னல், முட்டி, எல்லாவற்றையும் அப்படியே சொன்னேன். மாமனார் கதிர் உரிப்பதை நிறுத்தினார்.

"இருமினானா?"

"வெகுநேரம்."

"சரி, நீ போ," என்றார். "காப்டன்கிட்ட நான் வர்றேன்னு சொல்லிடு. வர்றேன்னு மட்டும் சொல்லு."

*

கிழக்கு வாசலில் காலையிலேயே கூட்டம். வழியனுப்பு விழா என்று கடைகளை மூடச் சொல்லியிருந்தார்கள். நூடுல்ஸ் கடை ஃபான் அக்கா மட்டும் அடுப்பை அணைக்கவில்லை. வாசலுக்கு எதிரே அவள் கடை. கூட்டம் வந்தால் அவளுக்குத்தான் லாபம்.

"என்ன மொழிபெயர்ப்புக்காரரே, பூட்ஸ் கழட்ட எத்தனை எருது புடிச்சிருக்கீங்க?" என்றாள் என்னைப் பார்த்து.

"பவுடர் போட்டாச்சு அக்கா."

"அப்ப நாத்தம் வராது. நல்லது. இங்க ஜனங்க சாப்பிடறாங்க."

சிரிப்பு. சிப்பாய் ஒருவன் திரும்பிப் பார்த்தான். அவள் கரண்டியால் குண்டாவைத் தட்டிக்கொண்டு வேறு பக்கம் திரும்பிக்கொண்டாள்.

வாசல் வளைவின் கீழ் நாற்காலி. முன்னால் முக்காலி, அதன்மேல் சிவப்புத் துணி. ஒரு பக்கம் பேண்டு வாத்தியம். இன்னொரு பக்கம் வெளியூரிலிருந்து அழைத்த போட்டோக்காரர், கறுப்புத் துணிக்குள் தலை. சியா முதலாளி தட்டில் புதிய பூட்ஸை ஏந்தி நின்றார். முயல் ரோமம் வெளியே எட்டிப்பார்த்தது. அவர் கடைக்கு அரசாங்கம் பணம் கொடுத்து வாங்கிய மக்கள் பரிசு. வளைவில் பழைய கூண்டுக்குப் பக்கத்தில் புதிய கூண்டு, வார்னிஷ் வாசனையோடு.

கவர்னர் இறகுத் தொப்பி, பதக்கங்கள், வாள் சகிதம் வந்தார். பாராட்டுரையை நான் வாசித்தேன். பர்மா, ஆப்பிரிக்கா, தீவு, எங்கள் வளைகுடா. நாங்கள் அழுகிறோம் என்று அதில் எழுதியிருந்தேன். யாரும் அழவில்லை. ஒரு குழந்தை மட்டும் பேண்டு சத்தத்துக்கு அழுதது. பேண்டு நின்றதும் அதுவும் நிறுத்திவிட்டது.

கவர்னர் உட்கார்ந்தார். வலது காலைத் தூக்கி முக்காலியில் வைத்தார்.

மாமனார் கூட்டத்திலிருந்து வந்தார். துவைத்த நீல அங்கி. தலைப் பின்னலை இறுக்கிக் கட்டியிருந்தார். கவர்னருக்கு முன்னால் வந்து நின்றார். இடமும் தூரமும் காப்டன் அன்று காலையில் சுண்ணாம்பால் போட்ட கோடுதான். அங்கே நின்றார். மண்டியிடவில்லை.

போட்டோக்காரர் துணிக்குள்ளிருந்து, "குனியச் சொல்லுங்க, தலை வெட்டுப்படுது," என்றார்.

கவர்னர் உதட்டை அசைக்காமல் சொன்னார்: "மண்டி போடச் சொல்லு, மிஸ்டர் பீ."

"மாமா," என்றேன். "மண்டி போடச் சொல்றாரு."

"காதுல விழுந்துச்சு. நான் பேசறதை அவருக்குச் சொல்வியா?"

"சொல்றேன்."

"வழவழன்னு ஆக்காம?"

"ஆக்காம."

அவர் குரலை உயர்த்தினார். என்னிடம் பேசவில்லை. நாற்காலியிடம் பேசினார். ஃபான் அக்கா குண்டாவை மூடினாள்.

"ஐயா, எங்க ஊர்ல பூட்ஸைக் கழட்டறது எதுக்குன்னு உங்களுக்கு யாரும் முழுசாச் சொல்லல போல. போகாதீங்கன்னு சொல்றதுக்கு. நடக்க முடியாதபடி காலைப் புடிச்சு நிறுத்தறதுக்கு. நான் உங்க காலைத் தொட்டா, இன்னும் ரெண்டு வருஷம் இருங்கன்னு கேட்டதா ஆயிடும். நான் கேக்க மாட்டேன். என் பொண்ணு குழியில கிடக்கா. என் பையன் உங்க ரோட்டுல கல்லு உடைக்கிறான். அவன் தப்புப் பண்ணல. அதனால அவனுக்கு மன்னிப்பு வேணாம். நீங்க போங்க. ரெண்டு பூட்ஸையும் போட்டுக்கிட்டே போங்க."

நான் கவர்னரின் பக்கம் திரும்பினேன்.

ஆங்கிலத்தில் சொன்னேன். ஒவ்வொரு வாக்கியமாக, அவர் சொன்ன வரிசையில். 'மேன்மைதங்கிய' என்று எதற்கும் முன்னால் சேர்க்கவில்லை. 'தயவுசெய்து' சேர்க்கவில்லை. என் பொண்ணு என்று அவர் சொன்ன இடத்தில் என் பெண் என்றே சொன்னேன். அந்த இடத்தில் குரல் எப்படி இருந்தது என்று எனக்குத் தெரியவில்லை.

கவர்னரின் கால் முக்காலியிலேயே இருந்தது. தொப்பி இறகு காற்றில் ஆடியது.

"சரியா மொழிபெயர்த்தியா?" என்றார்.

"ஆமாம்."

"மறுபடி சொல்லு."

மறுபடி சொன்னேன். இந்த முறை சிப்பாய்களுக்கும் பேண்டுக்காரர்களுக்கும் கேட்டது. காப்டன் வெரிட்டியின் கழுத்து சிவந்தது.

"மிஸ்டர் பீ, போதும்," என்றார் காப்டன். பிறகு சியா முதலாளியைப் பார்த்துக் கண்ணைக் காட்டினார். சியா முதலாளி தட்டோடு ஓரடி எடுத்து வைத்தார். கூட்டத்தைப் பார்த்தார். அவர் கடையில் அரிசி வாங்குகிறவர்கள், உப்பு வாங்குகிறவர்கள், எல்லோரும் அவரையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். முன்வைத்த அடியைப் பின்னால் எடுத்துக்கொண்டார்.

"மொதலாளி, ரோமம் சூட்டுக்கு ஆகாது," என்றாள் ஃபான் அக்கா. "வெயில்ல வெக்காதீங்க."

போட்டோக்காரருக்கு ஒன்றும் புரியவில்லை. "இப்ப எடுக்கட்டுமா?" என்றார்.

கவர்னர் காலை இறக்கினார். எழுந்தார். மாமனாரை ஒருமுறை நேராகப் பார்த்தார். கோபமாக இருந்தார் என்று சொல்லமுடியாது. பர்மாவிலோ ஆப்பிரிக்காவிலோ யாராவது இதே மாதிரி அவர் முன்னால் நின்றிருக்கவேண்டும். அந்த முகத்தை நினைவுபடுத்திப் பார்ப்பவர்போல இருந்தார். பிறகு வாசலைத் தாண்டித் துறைமுகத்தை நோக்கி நடந்தார். காலையிலேயே தளர்த்தி வைத்த பூட்ஸ். ஒவ்வோர் அடிக்கும் குதிகால் உள்ளே வழுக்கியது. கல் பாவிய தெருவில் டொக், டொக் என்று கேட்டது. பேண்டு வாசிக்க மறந்துவிட்டது.

கூட்டம் வழிவிட்டது. கூப்பிடவும் இல்லை, கத்தவும் இல்லை. கப்பல் சங்கு ஊதும்வரை அப்படியே நின்றார்கள்.

*

அன்று மாலையே என்னை வேலையிலிருந்து நீக்கினார்கள். காப்டன் வெரிட்டி நேரில் சொன்னார்.

"அதையெல்லாம் அப்படியே சொல்லியிருக்க வேண்டியதில்லை, பீ. உனக்கே தெரியும்."

"தெரியும்," என்றேன்.

"பிறகு ஏன்?"

மேசைமேல் இருந்த என் தூரிகையை எடுத்துக்கொண்டேன். அவர் காத்திருந்தார். பிறகு சாவிகளைக் கேட்டார். கொடுத்தேன்.

மாமனாரின் ஊர்த் தலைவர் பலகையை வந்து கழற்றிக்கொண்டு போனார்கள். சுவரில் ஆணி அடித்த தடம் இருந்தது. அவர் அதில் பூண்டுச் சரத்தை மாட்டினார்.

அவர் சாப்பிடவில்லை. என் மனதில் இருந்ததை அவரே கேட்டார்.

"நான் அவனைக் கொன்னுட்டேனா, மாப்ள?"

"தெரியல மாமா," என்றேன். பிறகு, "அவன் கேட்டதைத்தான் செஞ்சீங்க," என்றேன்.

"அது வேற. நான் அப்பன்."

கடைசியில் அவர் எழுந்து மாவு பிசைந்தார். நான் அடுப்பு மூட்டினேன். மீன் வைத்த மந்தோக்களைத் துணியில் கட்டி என் கையில் கொடுத்தார். தான் வரவில்லை என்றார். அவன் முகத்தைப் பார்த்தால் கையெழுத்து வாங்கியிருக்கலாமே என்று தோன்றிவிடும் என்றார்.

மலைப்பாதையில் இப்போது நான் அரசாங்க ஆள் இல்லை. காவலன் வாங் என்னைப் பார்த்தான். துணி மூட்டையைப் பார்த்தான்.

"உள்ள கத்தி இருக்கா?"

"மீன்தான் இருக்கு."

"எனக்கு ஒண்ணு வெச்சிட்டுப் போங்க," என்றான்.

செங்ஷான் என்னைத் தூரத்திலேயே பார்த்துவிட்டான். ஓரத்தில் உட்கார்ந்திருந்த எல்லோரும் பார்த்தார்கள். செய்தி எனக்கு முன்பே மலை ஏறியிருந்தது.

"அப்பா நின்னாராமே?"

"நின்னாரு."

"முட்டி மடங்கவே இல்லையாமே?"

"இல்ல."

சிரித்தான். இருமல் வந்தது. இடது கையைத் தரையில் ஊன்றிக்கொண்டு இருமி முடித்தான். உள்ளங்கையைப் பார்த்தான். அங்கிப் பக்கத்தில் துடைத்துக்கொண்டான். நானும் பார்த்தேன் என்று அவனுக்குத் தெரியும்.

"நீயும் அப்படியே சொன்னியாமே, மச்சான்? ரெண்டு தடவை?"

"ஆமா."

"இங்கிலீஷ்ல எப்படிச் சொன்னே?"

"எதை?"

"கடைசி. ரெண்டு பூட்ஸையும் போட்டுக்கிட்டே போங்க."

சொன்னேன். அவன் திருப்பிச் சொன்னான். தப்பு. மறுபடி சொன்னேன். பக்கத்தில் இருந்தவன் சுத்தியலை நிறுத்திவிட்டு, "என்ன, என்ன?" என்றான். அவனுக்கும் சொன்னேன். அவன் அடுத்தவனுக்குச் சொன்னான். வரிசை நெடுக அந்த வாக்கியம் போனது. போகப்போக உருமாறியது. கடைசி ஆள் சொன்னபோது எந்த இங்கிலீஷ்காரனுக்கும் புரிந்திருக்காது.

"கெட்டுப்போச்சு," என்றான் செங்ஷான். "முதல்லேருந்து. எல்லாரும். மச்சான், நீ சொல்லு."

காவலன் வாங் மந்தோவோடு எழுந்து வந்தான். "டேய், வேலையைப் பாருங்கடா. என்ன நடக்குது இங்க?"

"இங்கிலீஷ் படிக்கிறோம்ணே. புது கவர்னர் வந்தா பேச வேணாமா?"

வாங் மலைப்பாதையின் கீழ்ப்பக்கம் பார்த்தான். "மெதுவாப் படிங்க. ஸார்ஜென்ட் மேல வர்றாரு."

உண்மையில் வந்துகொண்டிருந்தார். சாம்பல் குதிரை, கையில் பிரம்பு. சுத்தியல்கள் எழும்பி விழுந்தன. ஒவ்வொரு விழுதலுக்கும் ஒரு வார்த்தை. அடக்கிய குரலில், பத்துப் பன்னிரண்டு பேர், சேர்ந்து. நான் ஓரமாக ஒதுங்கி நின்றேன். சொல்லவேண்டாம் என்று அவனிடம் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை.

ஸார்ஜென்ட் குதிரையை நிறுத்தினார். காதைச் சாய்த்தார்.

"என்னடா அது?" என்றார் ஆங்கிலத்தில். என்னைத்தான் பார்த்தார்.

நான் வாயைத் திறக்குமுன் செங்ஷான் சுத்தியலைக் கீழே வைத்தான். எழுந்து நின்றான். நேராக நிற்க அவனுக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது. தொண்டையைச் சரிசெய்துகொண்டான். பிறகு ஸார்ஜென்டின் முகத்தைப் பார்த்து அந்த வாக்கியத்தின் முதல் வார்த்தையைச் சொன்னான். சரியாகச் சொன்னான்.